ரூலை மாத்தின பிறகும் ஜெயிச்சவர்: கே-1 மேக்ஸும் புவாகாவும்

ஸ்கூல் படிக்கும்போது நாம எல்லாரும் ஒரு தடவையாவது இந்தச் சண்டையைப் போட்டிருப்போம். "புரூஸ் லீயும் ஜெட் லீயும் மோதினா யார் ஜெயிப்பா? கராத்தே பெருசா, குங்ஃபூ பெருசா?" மதிய சாப்பாட்டு பெல் அடிச்சு முடிஞ்சாலும் இதுக்குப் பதில் கிடைக்காது.

இந்தக் கேள்வியை ஒரு பிசினஸா மாத்தினவர் ஜப்பானைச் சேர்ந்த கசுயோஷி இஷி. செய்தோகைகான் என்ற கராத்தே அமைப்பை நிறுவியவர். 1993-ல் டோக்கியோவில் கே-1 என்ற போட்டியைத் தொடங்கினார். கராத்தே, கிக்பாக்ஸிங், குங்ஃபூ எல்லாத்துக்கும் முதல் எழுத்து 'கே'தானே, அதிலிருந்து வந்த பேர்னு சொல்வாங்க. எட்டு பேர், ஒரே ராத்திரி, நாக் அவுட் முறை. சாம்பியன் ஆகணும்னா அன்னைக்கே மூணு பேரை ஜெயிக்கணும்.

ஆனா அது ஹெவிவெயிட்களோட மேடை. உலக கிராண்ட் ப்ரீ பட்டத்தைப் பெரும்பாலும் ஐரோப்பியர்கள் தூக்கிட்டுப் போனாங்க. அரங்கத்தை நிரப்பினது ஜப்பான் ஜனங்க, கோப்பை போனது குரோஷியாவுக்கும் நெதர்லாந்துக்கும். அதனால 2002-ல் 70 கிலோ எடைக்குத் தனியா ஓர் உலகப் போட்டி வந்தது. பேர் கே-1 வேர்ல்டு மேக்ஸ். இந்த 'மேக்ஸ்'ல இருக்கிற முதல் எழுத்து மிடில்வெயிட்டைக் குறிக்கும். முதல் வருஷம் நெதர்லாந்தின் ஆல்பர்ட் கிரௌஸ் ஜெயிச்சார். 2003-ல் அதே கிரௌஸை ஃபைனல்ல வீழ்த்தினார் மசாட்டோ. ஜப்பான்காரர், பார்க்க சினிமா ஹீரோ மாதிரி இருப்பார். டிவிக்கு வேற என்ன வேணும்?

அடுத்த வருஷம், 2004 ஜூலை 7. தாய்லாந்திலிருந்து 22 வயசுப் பையன் ஒருத்தன் வந்தான். பேர் புவாகாவ் போர் பிரமுக். புவாகாவ் என்றால் தாய் மொழியில் வெண்தாமரை. கம்போடிய எல்லையை ஒட்டின சுரின் மாகாணத்துல பிறந்து, எட்டு வயசுலேயே ரிங்ல இறங்கினவன்.

இங்க ஒரு நிமிஷம் ரூல்ஸைப் பார்த்துடுவோம், இந்தக் கதையே அதுலதான் இருக்கு. தாய்லாந்தோட முவாய் தாய் சண்டை அஞ்சு ரவுண்ட். முதல் ரவுண்ட்கள்ல நிதானமா எதிராளியை எடை போடுவாங்க. முழங்கையால அடிக்கலாம். எதிராளியின் கழுத்தை ரெண்டு கையாலும் கட்டிப் பிடிச்சு, முட்டியால இடிச்சுக்கிட்டே இருக்கலாம். இதுக்குப் பேர் கிளிஞ்ச். அங்க இது பெரிய கலை, பாயிண்டும் அதிகம். கே-1ல மூணே ரவுண்ட், முழங்கைக்கு அனுமதி இல்லை, நிதானமா பார்க்கவும் நேரம் இல்லை. அதாவது புவாகாவ் பாதி ஆயுதத்தை வீட்டுல வச்சுட்டுத்தான் வந்தான்.

மீதி பாதியே போதுமா இருந்தது. முதல்ல ஆஸ்திரேலியாவின் ஜான் வெய்ன் பார். அரையிறுதியில கொஹிருயிமாகி, முட்டி இடியிலேயே சாய்ந்தார். ஃபைனல்ல மசாட்டோ. மூணு ரவுண்ட் முடிஞ்சு எக்ஸ்ட்ரா ரவுண்ட் வரைக்கும் போனது. கடைசியில சொந்த ஊர் ஹீரோவோட பட்டம், சொந்த ஊர்க்காரங்க கண் முன்னாடியே கை மாறிச்சு.

அதுக்குப் பிறகு கிளிஞ்ச் ரூல் இறுகியது. பிடிச்சு வச்சுக்கிட்டு வரிசையா முட்டி போட முடியாது. ஒரு அடி, அதோட விட்டுடணும். ரசிகர்கள் இன்னைக்கும் இதை 'புவாகாவ் ரூல்'னுதான் பார்க்கறாங்க. சண்டை விறுவிறுப்பா இருக்கணும், கட்டிப்பிடிச்சு நின்னா டிவியில போரடிக்கும் என்பது நிர்வாகத்தோட நியாயம். ரெண்டுமே உண்மையா இருக்கலாம். ஆனா விலை கொடுத்தது ஒரே பக்கம்தான். 2005 ஃபைனல்ல, எக்ஸ்ட்ரா ரவுண்டுக்குப் போன சண்டையில், நெதர்லாந்தின் ஆண்டி சாவர்கிட்ட புவாகாவ் தோத்தார்.

நாமளா இருந்தா என்ன செஞ்சிருப்போம்? பாதி ப்ராஜெக்ட்ல ரெக்வயர்மென்ட்டை மாத்தினாலே காபி மெஷின் பக்கத்துல நின்னு ஒரு வாரம் புலம்புறவங்க நாம. அவர் கைக்குத்தைக் கூர் தீட்டினார்.

2006 ஜூன் 30, யோகோஹாமா அரீனா. காலிறுதியில யோஷிஹிரோ சாட்டோவை இடது ஹுக்கில் சாய்ச்சார். அரையிறுதியில காகோ டிராகோ. ஃபைனல்ல மறுபடியும் அதே சாவர். இந்தத் தடவை நடுவர்கள் கணக்கு பார்க்க வேண்டிய அவசியமே வரல. ரெண்டாவது ரவுண்ட்லேயே, குத்தாலேயே முடிச்சார். முட்டியைப் பிடுங்கினா முஷ்டி. மேக்ஸ் பட்டத்தை ரெண்டு தடவை ஜெயிச்ச முதல் ஆள் ஆனார்.

கதை இங்க முடிஞ்சா நல்ல படம். ஆனா இது வரலாறு. 'போர் பிரமுக்' அவர் குடும்பப் பேர் இல்லை, வளர்த்த பயிற்சிக்கூடத்தோட பேர். தாய்லாந்துல வீரர்கள் தங்கள் கூடத்தின் பேரைப் பின்னாடி போட்டுக்கறது வழக்கம். 2012-ல் அவர் அந்தக் கூடத்தை விட்டு வெளியே வந்தார். உலகமே தெரிஞ்சு வச்சிருந்த பேரில் பாதியை விட்டுட்டு, பிறந்த குடும்பத்தின் பேரோடு, புவாகாவ் பன்சமேக்காக சண்டை போட்டார்.

2014 அக்டோபர், பட்டாயா. மறுபடியும் மேக்ஸ் ஃபைனல், எதிரில் ஜெர்மனியின் என்ரிகோ கேல். மூணு ரவுண்ட் முடிஞ்சதும் எக்ஸ்ட்ரா ரவுண்ட் அறிவிச்சாங்க. புவாகாவ் ரிங்கை விட்டு இறங்கிப் போயிட்டார். பட்டம் கேலுக்கு. அதைக் கோழைத்தனம்னு சொன்னவங்க உண்டு, தன்மானம்னு சொன்னவங்களும் உண்டு. அந்த முடிவை நான் நியாயப்படுத்த வரல. பத்து வருஷம் அடுத்தவங்க எழுதின ரூலுக்குத் தன்னை மாத்திக்கிட்ட மனுஷன், ஒரு நாள் முடியாதுன்னு சொன்னார். எனக்கு அப்படித்தான் தெரியுது.

ஸ்கூல்ல நாம கேட்ட கேள்வியில ஒரு பாதி விட்டுப்போச்சு. "யார் ஜெயிப்பா" மட்டும் இல்லை, "எந்த ரூல்ல, அந்த ரூலை யார் எழுதினது"ன்னும் சேர்த்துக் கேட்டிருக்கணும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.