வேக்ஃபீல்டிலிருந்து தவளேஸ்வரத்திற்கு

கோல்ட்ஸ்மித்தின் 'வேக்ஃபீல்டின் பாதிரியார்' (1766) ஆங்கில இலக்கிய வகுப்புகளில் பலரைத் தூங்க வைத்திருக்கும். கந்துகூரி வீரேசலிங்கத்தை அது எழுத வைத்தது. அதன் பாதிப்பில், தமது 'விவேகவர்த்தனி'யில் 1878இல் அவர் தொடராக எழுதி, 1880இல் புத்தகமானது 'ராஜசேகர சரித்திரமு'. தெலுங்கின் முதல் நாவல்களில் ஒன்று.

இரண்டிலும் வசதியான குடும்பமொன்று நொடித்து, சிதறி, மறுபடி சேர்கிறது. தழுவல் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஆனால் ஓரிடத்தில் இரண்டும் அடியோடு விலகுகின்றன.

பாதிரியார் ப்ரிம்ரோஸின் பணத்தோடு வியாபாரி ஓடிவிடுகிறான். மகள் வஞ்சிக்கப்படுகிறாள், வீடு எரிகிறது, கடனுக்காகச் சிறை. அங்கே சக கைதிகளுக்குப் பிரசங்கம் செய்கிறார். மிஞ்சிய சொத்து விசுவாசம்தான். கோதாவரிக்கரைத் தவளேஸ்வரத்து ராஜசேகரரை நம்பிக்கையே கவிழ்க்கிறது. ரசவாதம் தெரியும் என்ற பைராகியிடம் வீட்டுப் பொன்னையும் வெள்ளியையும் கொடுத்து ஏமாறுகிறார். பிறகு காசி யாத்திரை, வழிப்பறி, பிரிவு.

வீரேசலிங்கம் நாஸ்திகரல்ல, பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர். 1881இல் ராஜமுந்திரியில், எதிர்ப்புக்கு நடுவே, விதவை மறுமணம் நடத்தி வைத்தவர். சோதிடத்தையும் மாந்திரீகத்தையும் உரித்துக்காட்ட அவருக்கு ஒரு குடும்பம் வேண்டியிருந்தது. உரித்தும் காட்டினார், கூர்மையாக, சில இடங்களில் சிரிப்பு வரும்படி. எதைப் பற்றிக்கொண்டு அந்தக் குடும்பம் இத்தனையையும் தாங்கியது என்று கேட்க அவருக்கு அவகாசமில்லை என்றே எனக்குப் படுகிறது. கோல்ட்ஸ்மித்திலும் கடைசியில் தற்செயல்தான் எல்லோரையும் காப்பாற்றுகிறது (அதுவும் வெட்கமில்லாத தற்செயல்). அதற்கு முன் அந்தச் சிறைப் பிரசங்கம் இருக்கிறது. ராஜசேகரருக்குள்ளிருந்து அப்படியொரு குரல் எனக்குக் கேட்கவில்லை.