நிகழ்காலம் பாடமான வரலாறு: குடிமைப் பணித் தேர்வும் நடப்பு நிகழ்வுகளும்

இந்தியக் குடிமைப் பணித் தேர்வுக்கு ஆயத்தமாகும் ஒருவர் வரலாறு, புவியியல், அரசமைப்பு, பொருளியல் என்று எத்தனை துறைகளைப் படித்தாலும், அவை அனைத்தையும் ஊடறுத்துச் செல்லும் பாடம் ஒன்று உண்டு. நடப்பு நிகழ்வுகள் எனப்படும் அந்தப் பாடத்துக்கு வரையறுத்த நூல் கிடையாது. தேர்வு நாள் நெருங்கும் வரை அது வளர்ந்துகொண்டே இருக்கும். சென்ற ஆண்டு தொகுத்த குறிப்புகளில் பெரும்பகுதி இந்த ஆண்டுக்கு உதவாது. ஆயினும் 1855 இல் தொடங்கிய இத்தேர்வின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், முதல் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இப்பாடம் தேர்வில் தனி இடம் பெறவில்லை என்பதும், அது மறதியால் நேர்ந்ததன்று, கொள்கையால் நேர்ந்தது என்பதும் புலனாகும்.

கிழக்கிந்திய கம்பெனியின் அலுவலர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கம்பெனி இயக்குநர்களின் பரிந்துரையின் பேரிலேயே பணியில் சேர்ந்தனர். அவ்வாறு பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1806 முதல் ஹெய்லிபரி கல்லூரியில் பயிற்சி பெற்று இந்தியாவுக்கு வந்தனர். 1853 ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் இந்தப் பரிந்துரை முறையை ஒழித்துப் போட்டித் தேர்வுக்கு வழிவகுத்தது. அத்தேர்வு எவ்வாறு அமைய வேண்டும் என்பதை வகுத்த மெக்காலே குழு, 1854 இல் அளித்த அறிக்கையில், மொத்த மதிப்பெண்களை 6,875 என்று கணக்கிட்டு, அவற்றில் ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு ஆகியவற்றுக்கு 1,500, கணிதத்துக்கு 1,000, கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் தலா 750 என்று ஒதுக்கியது. சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் கிடைத்தவை தலா 375 மட்டுமே. இந்தியாவின் சட்டமும் நிதியும் நாட்டு மொழிகளும் தேர்ச்சி பெற்றவர்கள் பயிற்சிக் காலத்தில் படித்தால் போதும் என்று அக்குழு கருதியது. தோல்வியுறும் பெரும்பான்மையோர் தம் வாழ்வில் வேறெங்கும் பயன்படாத ஒன்றைப் படித்துக் காலத்தை வீணாக்கியவர்களாகிவிடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த வாதத்தில் நேர்மை இருந்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் தாம் ஆளப்போகும் மக்களின் நிகழ்கால வாழ்வைப் பற்றி ஒரு சொல்லும் அறியாமலே ஒருவர் முதலிடம் பெறலாம் என்ற நிலை அதன் விளைவாக உருவானது.

இந்த முறை வேறொரு தொழிலையும் பிறப்பித்தது. இலண்டனில் வால்டர் ரென் போன்றோர் நடத்திய தனிப்பயிற்சி நிலையங்கள், எந்தத் தாளில் எவ்வளவு படித்தால் எத்தனை மதிப்பெண் சேரும் என்று கணித்து மாணவர்களைத் தயார்செய்தன. இன்றைய பயிற்சி மையங்களின் முன்னோடிகள் இவையே. இந்தியர்களுக்கோ கடல் கடந்து சென்று, அயல்மொழி இலக்கியத்தில் அம்மொழிக்குரியவர்களோடு போட்டியிடுவதே தலையாய தடையாக இருந்தது. 1863 இல் சத்யேந்திரநாத் தாகூர் முதல் இந்தியராகத் தேர்ச்சி பெற்றார். வயது வரம்பு 19 ஆகக் குறைக்கப்பட்டபோது, அதை எதிர்த்து இந்தியச் சங்கத்தின் சார்பில் சுரேந்திரநாத் பானர்ஜி 1877 முதல் நாடெங்கும் இயக்கம் நடத்தினார். அதற்கடுத்த ஆண்டில் சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர், எம். வீரராகவாச்சாரியார் உள்ளிட்ட ஆறு இளைஞர்கள் ‘தி இந்து’வை வார இதழாகத் தொடங்கினர், 1882 இல் சுப்பிரமணிய ஐயர் ‘சுதேசமித்திர’னையும் தொடங்கினார். அரசுப் பதவிகளில் இந்தியருக்கு இடம் கேட்டு வாதாடிய பத்திரிகை உலகம், பிற்காலத்தில் அப்பதவிகளுக்கான தேர்வின் பாடநூலாகவே மாறியது.

நிகழ்காலம் தேர்வுக்குள் நுழைந்தது முதல் உலகப் போரின் காலத்தில்தான். பிரிட்டனின் உயர்நிலை அரசுப் பணித் தேர்வும் இந்தியக் குடிமைப் பணித் தேர்வும் அதற்கு முன்பே ஒரே தேர்வாக இணைக்கப்பட்டிருந்தன. அவற்றை மறுசீரமைக்க அமைந்த ஸ்டான்லி லீத்ஸ் குழு 1917 இல் அளித்த அறிக்கையில், கட்டுரை, ஆங்கிலம் ஆகிய தாள்களோடு, சமகாலச் சமூக, பொருளாதார, அரசியல் பொருள்களைப் பற்றிய தாள் ஒன்றையும், அன்றாட அறிவியல் பற்றிய தாள் ஒன்றையும் தலா 100 மதிப்பெண்ணுக்குப் பரிந்துரைத்தது. தேர்வரை நேரில் அமர்த்தி உரையாடி மதிப்பிடும் வாய்மொழித் தேர்வுக்கு அக்குழு 300 மதிப்பெண் ஒதுக்கியதையும் இதோடு சேர்த்தே நோக்க வேண்டும். பண்டை மொழிகளில் புலமை உடையவர் தம் காலத்து உலகையும் அறிந்தவரா என்று சோதிக்கும் எண்ணம் இவ்விரண்டிலும் ஊடாடுகிறது. 1922 முதல் இத்தேர்வு அலகாபாத்திலும் நடத்தப்பட்டது. 1926 இல் மத்தியப் பணியாளர் ஆணையம் தோன்றியது. மாகாண அளவில் முதல் ஆணையம் 1929 இல் சென்னையில் அமைந்தது.

விடுதலைக்குப் பின் கட்டுரை, பொது ஆங்கிலம், பொது அறிவு என்ற மூன்று கட்டாயத் தாள்கள் தலா 150 மதிப்பெண்ணுக்கு வைக்கப்பட்டன. அவற்றுள் பொது அறிவுத் தாளின் பாடத்திட்டம் நடப்பு நிகழ்வுகளை வெளிப்படையாகக் குறிப்பிட்டதோடு, அறிவியலைச் சிறப்புப் பாடமாகப் படிக்காத கல்வியறிவு உடைய ஒருவர் அன்றாட வாழ்வில் காண்பவற்றின் அறிவியல் விளக்கத்தை அறிந்திருக்க வேண்டும் என்றும் கேட்டது. 1917 ஆம் ஆண்டின் இரு தாள்களின் சாயல் இங்கே ஒன்றாகக் கலந்திருப்பதைக் காணலாம். ஆயினும் உள்ளடக்கம் முற்றிலும் புதியது. ஐந்தாண்டுத் திட்டங்கள், மொழிவாரி மாநிலங்கள், பக்ரா நங்கல், பாண்டுங் மாநாடு என்று குடியரசு தன்னைத் தானே கட்டிக்கொண்ட அந்த ஆண்டுகளில், செய்தி படிப்பது என்பது நாட்டின் உருவாக்கத்தை உடனிருந்து காண்பதாக இருந்தது. அரசும் அதற்கான வாசிப்பை வழங்கியது: ஊரக வளர்ச்சிக்கென ‘குருக்ஷேத்ரா’ 1952 இலும், திட்டமிடலை விளக்க ‘யோஜனா’ 1957 இலும் தொடங்கப்பட்டன, பின்னது தமிழில் ‘திட்டம்’ என்ற பெயரில் வெளிவருகிறது. தேர்வர்களுக்கென எழுதப்படாத இவ்விதழ்களைக் காலப்போக்கில் தேர்வர்களே தம் உடைமையாக்கிக்கொண்டனர். மறுபுறம், ‘காம்பெட்டிஷன் சக்சஸ் ரிவ்யூ’ போன்ற, தேர்வுக்கென்றே பிறந்த மாத இதழ்கள் 1960களில் வேரூன்றின. மனோரமா ஆண்டுநூலும் அதே காலத்தில் ஆங்கில வடிவம் பெற்றது. அவற்றின் பக்கங்களில் வரும் விருதுகள், நியமனங்கள், மாநாடுகள் ஆகியவற்றின் பட்டியல்களும் வெற்றி பெற்றோரின் நேர்காணல்களும், பெருநகர நூலகமோ ஆங்கில நாளிதழோ எட்டாத சிற்றூர் மாணவருக்குத் தலைநகரின் உரையாடலைக் கொண்டுசேர்த்தன. இத்தகைய தொகுப்புகளை மேலோட்டமானவை என்று புறந்தள்ளுவது எளிது. அவை திறந்துவிட்ட கதவைக் கருதினால் அது நியாயமாகாது.

பேராசிரியர் தௌ. சி. கோத்தாரி தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1979 இல் முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகத் தேர்வு என்ற மூன்று படிகள் நடைமுறைக்கு வந்தன. கொடுக்கப்பட்ட விடைகளுள் சரியானதைத் தெரிவுசெய்யும் முதல்நிலைத் தேர்வில் விருப்பப் பாடத்துக்கு 300 மதிப்பெண்ணும் பொதுப்பாடத் தாளுக்கு 150 மதிப்பெண்ணும் இருந்தன. முதன்மைத் தேர்வின் 1,800 மதிப்பெண்களில் இரு விருப்பப் பாடங்கள் 1,200 ஐயும் பொதுப்பாடம் 600 ஐயும் பெற்றன. அதாவது, நடப்பு நிகழ்வுகள் இடம்பெறும் தாள்களின் எடை இரு கட்டங்களிலும் மூன்றில் ஒரு பங்கே. அதன் வடிவமும் குறுகியது: செய்தியில் அடிபட்ட ஒரு பெயரையோ நிறுவனத்தையோ இருபது சொற்களில் விளக்கினால் இரண்டு மதிப்பெண் என்ற வகை வினாக்கள் முதன்மைத் தேர்வில் நெடுங்காலம் நீடித்தன. அவை வாசிப்பின் ஆழத்தைவிட நினைவின் பரப்பையே சோதித்தன.

அந்த எடை அடுத்த முப்பத்தாறு ஆண்டுகளில் தலைகீழாக மாறியது. 1993 இல் 200 மதிப்பெண்ணுக்குக் கட்டுரைத் தாள் சேர்க்கப்பட்டது. 2011 இல் முதல்நிலைத் தேர்விலிருந்து விருப்பப் பாடம் நீக்கப்பட்டு, தருக்கமும் வாசித்துப் புரிதலும் கொண்ட திறனறித் தாள் வந்தது. கிராமப்புற, இந்திய மொழி வழி மாணவர்களுக்கு அது பாதகமானது என்று 2014 இல் எழுந்த போராட்டத்தைத் தொடர்ந்து, 2015 முதல் அத்தாளில் 33 விழுக்காடு பெற்றால் போதும் என்றானது. அதன் பின் முதல்நிலைத் தேர்வின் முடிவைத் தீர்மானிப்பது பொதுப்பாடத் தாள் ஒன்றே. முதன்மைத் தேர்விலும் 2013 முதல் 1,750 மதிப்பெண்களில் 1,000 நான்கு பொதுப்பாடத் தாள்களுக்கும் 250 கட்டுரைக்கும் சென்றன. விருப்பப் பாடத்துக்கு எஞ்சியது 500. ஒரு துறையில் கல்லூரிக் காலம் முதல் பெற்ற புலமை முன்பு பெரும் மூலதனமாக இருந்தது. இப்போது அவ்விடத்தில் அன்றாடச் செய்தியை அரசமைப்போடும் பொருளியலோடும் இணைத்துக் காணும் பயிற்சி அமர்ந்தது. வினாவின் இயல்பும் மாறியது. ஒரு தீர்ப்பின் பெயரைக் கேட்பதற்கு மாறாக, அத்தீர்ப்பால் மத்திய மாநில உறவு எவ்வாறு பாதிக்கப்படும் என்று கேட்கும் வினா, 1917 ஆம் ஆண்டுக் குழுவின் நோக்கத்துக்கு நெருங்கி வருகிறது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே, எனினும் வினா விரிய விரிய, செய்தியைப் பிறர் பகுத்து வாய்க்குள் இட்டுத் தரும் மாதத் தொகுப்புகளின் சந்தையும் விரிந்தது. தில்லியின் ராஜிந்தர் நகர், முகர்ஜி நகர் வீதிகளிலும் சென்னை அண்ணா நகரிலும் அவையே விற்பனைக்குக் குவிந்துள்ளன. நாளிதழை முதலிலிருந்து படித்து, எது முக்கியம் என்று தானே தீர்மானிக்கும் செயல்தான் எதிர்கால நிருவாகிக்கு வேண்டிய பயிற்சி; தொகுப்பு மிச்சப்படுத்தித் தருவது அந்தச் செயலையே.

தமிழ் வழியில் எழுதுவோருக்கு இப்பாடம் இன்னொரு கூடுதல் உழைப்பைக் கோருகிறது. முதன்மைத் தேர்வின் விடைகளை 1979 முதல் தமிழ் உள்ளிட்ட, அரசமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் எழுதலாம்; 2013 மார்ச்சில் அவ்வுரிமையைக் கட்டுப்படுத்தி வந்த அறிவிக்கை, தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களின் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகின்றன. நிதிப் பற்றாக்குறை, பணவீக்க இலக்கு, கரிம வரி என்று தமிழ் நாளிதழில் படித்தறிந்த ஒன்றை, முதல்நிலைத் தேர்வில் அதன் ஆங்கிலப் பெயரால் அடையாளம் காணவும், சில மாதங்களுக்குள் முதன்மைத் தேர்வில் மீண்டும் தமிழில் விளக்கவும் அவர்கள் இரு சொற்தொகுதிகளைப் பேண வேண்டியுள்ளது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் பொது அறிவு வினாக்களைத் தமிழிலும் தருவதால் அத்தேர்வுகளுக்கான தமிழ் நடப்பு நிகழ்வு ஏடுகள் செழித்தன. மத்தியத் தேர்வுக்குத் தமிழில் ஆயத்தமாவோர் அவற்றையும், ‘தினமணி’யின் தலையங்கங்களையும், 2013 செப்டம்பரில் தமிழ் ‘தி இந்து’வாகத் தொடங்கிய நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரைகளையும் கொண்டு தமக்கான கலைச்சொல் பட்டியல்களைத் தாமே உருவாக்கிக்கொள்கின்றனர். முதல்நிலைத் தேர்வின் வினாக்களையும் எட்டாவது அட்டவணை மொழிகளில் தர வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை.