நாலு மணிக்கு மேல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காலமான என் அண்ணனின் மகன் தாம்பரத்திலிருந்து தன் தாயாரையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். அண்ணி நேரே சமையலறைப் பக்கம் போய்விட்டார்கள். பையன் என் எதிரே உட்கார்ந்து, "சித்தப்பா, உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும்" என்றான்.

நாவல் எழுதுகிறவனிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் அது கல்யாண விஷயமாக இருக்கும். கதைகளில் அத்தனை கல்யாணங்களை நடத்தி வைத்தவனுக்கு அனுபவம் உண்டு என்ற நம்பிக்கை. இது கல்யாண விஷயம் அல்ல. வேறொரு கம்பெனியில் அவனுக்கு உத்தியோகம் கிடைத்திருக்கிறது. இப்போது வாங்குவதைப் போல ஒன்றரை மடங்கு சம்பளம். ஒரே ஒரு நிபந்தனை: வாரத்தில் ஐந்து நாளும் ஆபீசுக்கு வந்தாக வேண்டும்.

"உத்தியோகம் என்றாலே ஆபீசுக்குப் போவதுதானே! இதில் நிபந்தனை எங்கே வந்தது?" என்று கேட்டேன்.

அவன் பொறுமையாக விளக்கினான். 2020-ல் ஊரடங்கு வந்தபோது வீட்டிலிருந்தபடியே வேலை செய்யப் பழகினார்கள். பிறகு ஆபீசுகள் திறந்தன. ஆனால் பழைய வழக்கம் முழுதும் திரும்பவில்லை. இப்போது இருக்கும் வேலையில் மூன்று நாள் வீடு, இரண்டு நாள் ஆபீஸ். இதற்கு ஹைபிரிட் என்று பெயராம். ஹைபிரிட் என்றால் எனக்குத் தெரிந்தது தக்காளியும் பருத்தியுந்தான். உத்தியோகத்திலும் ஒட்டுரகம் வந்துவிட்டதை அன்றுதான் அறிந்தேன்.

சிரித்துவிட்டேனே தவிர, அவனுடைய கவலை சிரிப்புக்குரியது அல்ல. அண்ணிக்குப் பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. பார்வை மங்கிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி போட வேண்டும். அதன் அளவுக் கோடுகள் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. மூன்று நாள் மகன் போடுகிறான். மற்ற இரண்டு நாள் பக்கத்து வீட்டு அம்மாள் தயவு. ஐந்து நாளும் தயவை எதிர்பார்க்க முடியுமா? ஒன்றரை மடங்கு சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லத்தான் முடியுமா? வீட்டுக் கடன் இன்னும் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது.

எனக்கு யோசனை சொல்லத் தெரியாது, கதை சொல்லத்தான் தெரியும். ஆகவே ஒரு குமாஸ்தாவின் கதையைச் சொன்னேன். கதை என்கிறேனே தவிர எல்லாம் நடந்தது. இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் வேறு பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கிழக்கிந்தியக் கம்பெனியை நமக்கு நன்றாகத் தெரியும். அதை மறப்பது எளிதல்ல. 1600-ஆம் வருஷத்தின் கடைசி நாளில் எலிசபெத் ராணியிடம் பட்டயம் வாங்கிய அந்தக் கம்பெனிக்கு முதல் இருபது வருஷம் சொந்த ஆபீஸ் கிடையாது. அதன் தலைவரான சர் தாமஸ் ஸ்மித் லண்டனில் பில்பாட் லேன் என்ற தெருவில் குடியிருந்தார். அவர் வீடுதான் ஆபீஸ். நிரந்தரச் சிப்பந்திகள் ஆறே பேர். 1611-ல் மசூலிப்பட்டினத்தில் நம் துணிகளை வாங்கக் கிடங்கு போட்ட காலத்தில், அந்தக் கப்பல்களின் கணக்கெல்லாம் அந்த வீட்டில்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும். பாதி உலகத்தைப் பிற்பாடு விழுங்கிய கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை பார்த்த கம்பெனி!

1638-ல் அது லெடன்ஹால் தெருவுக்குக் குடிபோயிற்று. கட்டடம் வளர்ந்தது, இடித்துக் கட்டப்பட்டது, மறுபடியும் வளர்ந்தது. சென்னைக் கோட்டைக்கு உத்தரவுகள் புறப்பட்டதும், நம்மவர்களின் தலையெழுத்து நிச்சயமானதும் அங்கேதான். அந்த மாளிகைக்குள், 1792-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், பதினேழு வயதுப் பையன் ஒருவன் கணக்கு இலாகாவில் குமாஸ்தாவாக நுழைந்தான். முதல் மூன்று வருஷம் சம்பளம் இல்லை. பெயர் சார்லஸ் லாம். நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் படித்த ஷேக்ஸ்பியர் கதைகளைத் தன் தமக்கையோடு சேர்ந்து எழுதியவர் அவர்தான்.

நான்கு வருஷம் கழித்து, 1796 செப்டம்பரில், அந்த வீட்டில் இடி விழுந்தது. தமக்கை மேரி சித்தப்பிரமையில் கத்தியை எடுத்துப் பெற்ற தாயைக் குத்திவிட்டாள். தாய் இறந்தாள். தம்பிக்கு அப்போது இருபத்தொரு வயது. மேரியை ஆயுள் முழுதும் பைத்தியசாலையில் விட்டுவிடலாம் என்றார்கள். லாம் ஒப்பவில்லை. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பொறுப்பேற்றார். 1799-ல் தகப்பனாரும் போன பிறகு தமக்கையை வீட்டுக்கே அழைத்து வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தெட்டு வருஷம், தம் மரணம் வரையில், அந்த வாக்கைக் காப்பாற்றினார்.

காப்பாற்றுவதற்குப் பணம் வேண்டும். அதற்குத்தான் அந்த மேஜை. தேயிலை எத்தனை பெட்டி, அவுரி எத்தனை மூட்டை, துணி எத்தனை கட்டு என்று பேரேட்டில் எழுத வேண்டும். காலை பத்து மணிக்கு ஆரம்பம், மாலை நாலுக்கு முடிவு என்று பெயர். வேலை மிகுந்த காலத்தில் இருட்டிவிடும். பழைய நாளில் மகான்களின் திருநாளுக்கெல்லாம் விடுமுறை இருந்தது. அவற்றையும் ஒவ்வொன்றாக வெட்டிவிட்டார்கள். ஞாயிறு போக, ஈஸ்டருக்கு ஒரு நாள், கிறிஸ்துமஸுக்கு ஒரு நாள், கோடையில் ஒரு வாரம் என்று பின்னால் ஒரு கட்டுரையில் அவர் கணக்குச் சொல்கிறார். அதே மேஜையில் உட்கார்ந்து கம்பெனியின் காகிதத்தில் சிநேகிதர்களுக்குக் கடிதம் எழுதியதும் உண்டு. ஏன் தாமதமாக வருகிறாய் என்று மேலதிகாரி கேட்டதற்கு, "அதனால்தான் சீக்கிரமாகப் போய்விடுகிறேனே!" என்று பதில் சொன்னாராம். இது நடந்ததோ, அவர் பெயரில் கட்டப்பட்டதோ, அவர் சொல்லக்கூடியதுதான்.

தம்முடைய உண்மையான நூல்கள் லெடன்ஹால் தெரு அலமாரிகளில் இருக்கின்றன என்று சொல்லிச் சிரிப்பார். பேரேடுகளைத்தான் சொன்னார். அந்தச் சிரிப்புக்கு அடியில் இருந்த கசப்பைக் கடிதங்களில் பார்க்கலாம். மேஜையின் மரம் தன் உயிருக்குள் புகுந்துவிட்டது என்றே ஓரிடத்தில் எழுதுகிறார்.

இப்படிப்பட்டவரிடம் ஒருவர் யோசனை கேட்டார். அவர் பெயர் பெர்னார்ட் பார்ட்டன். ஸபோக் ஜில்லாவில் உட்பிரிட்ஜ் என்ற சின்ன ஊரில் பாங்கிக் குமாஸ்தா, குவேக்கர் மதத்தவர், கவிதை எழுதுகிறவர். கல்யாணமான மறு வருஷமே மனைவி ஒரு பெண் குழந்தையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். பகலெல்லாம் பாங்கி, இரவெல்லாம் கவிதை என்று உடம்பு கெட்டது. வேலையை உதறிவிட்டு வீட்டிலிருந்து எழுதியே பிழைத்தால் என்ன என்று தோன்றியது. 1812-லேயே பைரன் பிரபு, எழுத்தை நம்பி இறங்காதே என்று அவருக்கு எழுதியிருந்தார். பிரபுக்கள் சொல்லும் புத்திமதி யார் காதில் ஏறும்? பத்து வருஷம் கழித்து, தம்மைப் போல மேஜையில் கட்டுண்ட இன்னொருவரைக் கேட்டார்.

1823 ஜனவரி 9-ஆம் தேதி லாம் எழுதிய பதில், உத்தியோகத்தைப் பற்றி எந்த எழுத்தாளரும் எழுதியவற்றில் மிகவும் காரமானது என்பது என் அபிப்பிராயம். வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்று அலறுகிறார். புத்தக வியாபாரிகளின் தயவில் பிழைப்பதைவிட மலையுச்சியிலிருந்து குதிப்பது மேல் என்கிறார். பாங்கி உனக்குச் சோறு போடுகிறது, அதற்கு நன்றி சொல் என்கிறார். மேஜையைப் பற்றி நான் சொன்ன குறைகளையெல்லாம் நம்பாதே, அவை காதலர்களின் ஊடல் போன்றவை என்று தாமே தம் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறார். பார்ட்டன் வேலையை விடவில்லை.

இரண்டே வருஷம். 1825 மார்ச் 29-ஆம் தேதி, ஐம்பது வயதில், கம்பெனி லாமுக்கு ஓய்வு கொடுத்தது. வருஷத்துக்கு 450 பவுன் பென்ஷன். அதில் தமக்கையின் பிற்காலத்துக்காக 9 பவுன் பிடித்தம் போக 441. ஊடல் என்று சொன்னவர் என்ன செய்தார்? முப்பத்து மூன்று வருஷச் சிறைவாசம் தீர்ந்தது என்று கூத்தாடினார். சிநேகிதர்களுக்கெல்லாம் எழுதினார், பார்ட்டனுக்கும் எழுதினார். அனுபவத்தை ஒரு கட்டுரையாகவும் ஆக்கினார். அதில் ஓரிடம் எனக்கு மறப்பதில்லை. விடுதலையான மனிதன் பழைய ஆபீசுக்கு ஒரு நாள் போகிறான். அவன் மேஜையில் வேறொருவன். அவன் தொப்பி மாட்டிய ஆணியில் வேறொருவன் தொப்பி. இது நியாயந்தான் என்று அறிவுக்குத் தெரிகிறது, மனசுக்குப் பொறுக்கவில்லை.

அதற்கப்புறம் நாலு வருஷம். லண்டனை விட்டு என்பீல்டுக்குக் குடிபோயாகிவிட்டது. நாள் முழுதும் சொந்தம்; எந்த மணிக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1829 ஜூலையில் அதே பார்ட்டனுக்கு லாம் எழுதினார்: அளவுக்கு மிஞ்சிய வேலையைவிட வேலையே இல்லாமை கொடியது, மனசு தன்னையே தின்கிறது என்று. நேரம் எவ்வளவு இருந்தாலும் போதாது என்று பீற்றிக்கொண்டேனே என்று வருத்தமும் பட்டார்.

இங்கே என் அண்ணன் மகன் குறுக்கிட்டான். "சித்தப்பா, அவர் வேலையை எடுத்துக்கொள் என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா?"

நியாயமான கேள்வி. ஒருவரே ஒருவருக்கு எழுதிய கடிதங்களில் இரண்டு பதிலும் இருக்கின்றன. இரண்டும் பொய்யல்ல. அதனால் நான் கடிதங்களை விட்டுவிட்டு அவருடைய சாயங்காலங்களைப் பார்க்கச் சொன்னேன்.

ஷேக்ஸ்பியர் கதைகள் 1807-ல் வெளிவந்தன. அதற்கு முந்திய வருஷம் மேரி தன் சிநேகிதிக்கு எழுதிய கடிதம் ஒன்றில் அந்தக் காட்சி இருக்கிறது. ஒரே மேஜை. அக்காளும் தம்பியும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவள் மூக்குப்பொடி போட்டுக்கொள்கிறாள். அவர் தம்மால் ஆகாது என்று முனகிக்கொண்டே இருக்கிறார். முடித்த பிறகு, பரவாயில்லை, ஏதோ வந்திருக்கிறது என்கிறார். இன்பக் கதைகள் அவளுடையவை, துன்பக் கதைகள் அவருடையவை. வாரத்தில் ஓர் இரவு சீட்டாட்டம். ஹாஸ்லிட் முதலான சிநேகிதர்கள் வருவார்கள், நள்ளிரவு வரை பேச்சு. 1820 முதல் பத்திரிகையில் வந்து அவருக்குப் பெயர் வாங்கித் தந்த எலியா கட்டுரைகளும் குமாஸ்தா உத்தியோகத்தில் இருக்கும்போதே எழுதியவை. இத்தனைக்கும் இடம் கிடைத்தது எப்படி? கம்பெனியின் பேரேடு ஆள் தூக்க முடியாத கனம். அது வீட்டுக்கு வராது. நாலு மணிக்கு மேல் லாம் யாருக்கும் குமாஸ்தா அல்ல.

இதே மாளிகையில் 1823 முதல் 1858 வரை முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்த ஜான் ஸ்டூவர்ட் மில்லும், தம்முடைய தத்துவ உழைப்புக்கு ஆபீஸ் வேலை ஓர் இளைப்பாறல் என்று எழுதி வைத்தார். ஆனால் மில் பெரிய அதிகாரியாக உயர்ந்தவர். அவர் பேச்சைப் பேரேடு எழுதுகிறவன் மேல் பொருத்தக்கூடாது.

"உனக்கு நாலு மணி எப்போது அடிக்கிறது?" என்று பையனைக் கேட்டேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வீட்டிலிருக்கும் மூன்று நாளில் அது அடிப்பதே இல்லை என்றான். அமெரிக்காக்காரன் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடுவான். அம்மாவுக்கு ஊசி போடும்போதுகூடக் காதில் எவன் குரலோ பேசிக்கொண்டிருக்கும். ஒரு நாள் அளவு தவறிப்போய், அண்ணியே, "இவ்வளவு நேரம் ஏறாதேடா, என்ன?" என்று கேட்டதால் தப்பிற்றாம்.

"புதிய ஆபீசில்?"

"தெரியாது. கேட்கவில்லை."

சம்பளம் கேட்டிருக்கிறான், எத்தனை நாள் என்று கேட்டிருக்கிறான், பஸ் உண்டா என்று கேட்டிருக்கிறான். இதைக் கேட்கவில்லை. மடிக்கணினியை அங்கேயே வைத்துவிட்டு வரலாமா, ராத்திரி கூப்பிடுவார்களா என்று எழுதிக் கேட்டுவிட்டுத் தீர்மானம் செய் என்றேன். போக வர இரண்டரை மணி நேரம் போகும் என்றான். போகட்டும், லாம் நடந்தே போனார் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். லாம் காலத்து லண்டன் தெருவையும் இன்றைய வேளச்சேரிச் சாலையையும் ஒப்பிடுவது தர்மமல்ல.

பார்ட்டன் என்ன ஆனார் என்று கேட்டான். 1824-ல் அவருடைய குவேக்கர் நண்பர்கள் 1200 பவுன் திரட்டிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்வதா என்று அதற்கும் லாமைத்தான் கேட்டார். வாங்கிக்கொள் என்றார் லாம். பணம் வந்தும் பாங்கியை விடவில்லை. நாற்பது வருஷம் அதே பாங்கியில் இருந்து, 1849-ல் சாவதற்கு இரண்டு நாள் முன்பு வரையில் கணக்கு எழுதினார். அவர் கவிதைகளை இன்று யாரும் படிப்பதில்லை. அவருடைய பெண்ணை மணந்தவர் பிட்ஸ்ஜெரால்டு; கவிமணி தமிழில் பாடிய உமார் கய்யாம் அவர் மூலமாகத்தான் நமக்கு வந்தார்.

இதற்குள் அண்ணி சமையலறை வாசற்படியில் வந்து நின்றிருந்தார்கள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களோ! "தம்பி, அந்த அக்காளைப் பகல் பூராவும் யார் பார்த்துக்கொண்டார்கள்?" என்று கேட்டார்கள்.

பிற்காலத்தில் பெக்கி என்று ஒரு வேலைக்காரி இருந்தாள் என்றேன். மற்றபடி மேரி தன்னைத் தானே பார்த்துக்கொண்டாள். தைப்பாள், படிப்பாள், எழுதுவாள். வியாதி திரும்பி வருவது அவளுக்கே முன்கூட்டித் தெரிந்துவிடும். தம்பியிடம் சொல்வாள். அவர் ஆபீசில் போய், எங்கோ உல்லாசமாகப் போய்வரப் போகிறவரைப் போல ஒரு நாள் விடுமுறை கேட்பார். பிறகு இருவரும் கையைக் கோத்துக்கொண்டு, அழுதுகொண்டே, வயல் வெளி வழியாகப் பைத்தியசாலைக்கு நடந்து போவார்கள். வழியில் பார்த்த சிநேகிதர் ஒருவர் இதைச் சொல்லியிருக்கிறார்.

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"கேட்டவுடனே லீவு கொடுத்தார்களா?"

"கொடுத்தார்கள்."

"அப்படியானால் அதையும் சேர்த்துக் கேட்டு எழுதுடா" என்று மகனிடம் சொல்லிவிட்டு, இலை போட்டாயிற்று, எழுந்து வாருங்கள் என்றார்கள்.