அவர்களும் பெண்களே



மணிமேகலைக் காப்பியத்தை மாணவர்க்குக் கற்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஓரிடத்தில் நான் சற்று நின்றுவிடுவதுண்டு. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி மணிமேகலையின் கைக்கு வந்துவிட்டது. ஆயினும் அது இன்னமும் வெறும் பாத்திரந்தான். அதில் முதற் பிச்சை இடுவதற்கு ஒருவர் வேண்டும். ஆதிரை என்னும் நல்லாள் அதனை இடுகின்றாள். அதன் பின்னரே அப்பாத்திரம் வற்றாது சுரக்கின்றது. யானைத்தீ என்னும் தீராப் பசிநோயால் வருந்திய காயசண்டிகையின் பசியும் தணிகின்றது. பாத்திரம் ஏந்தியவள் ஒருத்தி, இட்டவள் இன்னொருத்தி, பசி தீர்ந்தவள் வேறொருத்தி. மூவரும் பெண்கள். ஒரு பெண்ணின் துயரைத் துடைக்க இன்னொரு பெண்ணின் கை முதலில் நீள வேண்டும் என்பதனைச் சாத்தனார் எவ்வளவு இயல்பாகச் சொல்லிவிட்டார்!

இந்தக் காட்சியை மனத்தில் இருத்திக்கொண்டு, நமது கண்டிச் சீமையின் வரலாற்றில் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்ப்போம். அங்கே கேட்கப்பட்டது சோறன்று, வாக்குரிமை.

நான் வாழும் அலவத்துகொட, கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, அக்குறணை ஊடாக மாத்தளைக்குச் செல்லும் வீதியில் உள்ளது. அந்த மாத்தளைக்குத்தான் ஒரு காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் வடக்குப் பாதையால் நடந்து வந்து சேர்ந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளைக் கடந்து, தம்புள்ளை, நாலந்தா வழியாக வந்த அந்த நெடும் பயணத்தில் பசிக்கும் கொள்ளை நோய்க்கும் இரையானோர் பலர். அந்த முன்னோரை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து வந்ததை நேயர்கள் அறிவீர்கள். கோப்பிக் காலத்தில் வந்தோருள் ஆண்களே மிகுதி. 1867இல் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்ட பின்னர் நிலைமை மாறியது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கப் பெண்களின் கைகள் தேவைப்பட்டன. தொழிலாளர் குடும்பங்களாக வந்து லயங்களில் குடியேறினர்.

அந்தப் பெண்களின் நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பிரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். பிந்தினால் அன்றைய பேர் இல்லை. 1927ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டத்தின் கீழ் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் என விதிக்கப்பட்டது. ஒரே மலை, ஒரே மழை, ஒரே அட்டைக்கடி; ஆனால் கூலி மட்டும் இரண்டு.

இந்த வாழ்வை அவர்கள் எவ்வாறு தாங்கினர்? மூதாட்டிகள் சிலர் சொல்ல நான் கேட்டிருக்கின்றேன். பேறுகாலத்தில் அயற்காம்பராக் கிழவியே மருத்துவச்சி. தாய்ப்பால் வற்றியவளின் குழந்தைக்குப் பக்கத்து லயத்துப் பெண் பால் கொடுத்தாள். காய்ச்சற்காரியின் கூடை நிறையாத நாளில் தோழி தன் கொழுந்தில் இரண்டு கை அள்ளிப் போட்டாள். அரிசியும் உப்பும் கைமாற்றாகச் சுவருக்குச் சுவர் போய் வந்தன. இவை எந்த அறிக்கையிலும் எழுதப்படாதவை. ஆனால் ஒரு சமூகம் அழியாது நிலைத்தமைக்கு இந்தக் கைமாற்றும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

ஆயினும் லயத்துச் சுவருக்கு அப்பால், சட்டம் இயற்றும் சபையில் அவர்களுக்காகப் பேச எவருமில்லை. அன்றைய சட்டநிரூபண சபைக்கு வாக்களிக்கும் உரிமை சொத்தும் கல்வியும் உடைய ஆண்களுக்கே இருந்தது. அவர்கள் நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர் மட்டுமே. பெண்களுக்கு, அவர் சீமாட்டியாயினும் கூலிக்காரியாயினும், வாக்கு இல்லை.

இந்நிலையில் 1927 நவம்பரில் டொனமூர் பிரபுவின் தலைமையில் அரசியற் சீர்திருத்த ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அடுத்த மாதமே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் கொழும்பில் தோன்றியது. அதில் முன்னின்றவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற, வசதி படைத்த குடும்பத்துப் பெண்கள். கனடாவிலிருந்து வந்து, யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்து, நம் நாட்டுப் பெண்களுக்கு வைத்தியராகத் தொண்டாற்றிய மேரி இரத்தினம் அவர்களுள் ஒருவர். 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடக்கிக் கிராமத்துப் பெண்களை ஒன்று திரட்டியவரும் அவரே.

சங்கத்தின் செயலாளராக இருந்தவர் எக்னஸ் டி சில்வா. இவர் நமது கண்டியில் வாழ்ந்தவர் என்பது பலருக்கும் தெரியாது. பறங்கியர் குடும்பத்தில் பிறந்த இவர், கண்டி வழக்கறிஞரும் பின்னாளில் சுகாதார அமைச்சராக விளங்கியவருமான ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் மனைவியாவார். இவரும் தோழியரும் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளிக்கச் சென்றனர். அப்போது டொனமூர் பிரபு ஒரு கேள்வி கேட்டார்: தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்கிறீர்களா?

இந்தக் கேள்வி சாதாரணமானதன்று. அன்றைய அரசியலில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு என்பது பலரும் அஞ்சிய விடயம். அவர்கள் வாக்குப் பெற்றால் மலைநாட்டில் தங்கள் செல்வாக்குக் குன்றும் எனச் சிங்களத் தலைவர்கள் பலர் கருதினர். படித்த தமிழ்த் தலைவர்களுள்ளும் பாமரருக்கு வாக்கெதற்கு என்று கேட்டோர் உளர். பெண் என்பதோடு, கூலி, பிறநாட்டவள் என்னும் மூன்று தடைகளும் அந்தத் தோட்டப் பெண்ணின் முன் நின்றன. வாக்குரிமைச் சங்கத்தார் தயங்கியிருக்கலாம். அது வேறு விடயம் என்று ஒதுங்கியிருக்கலாம். தமக்கு மட்டும் கேட்டிருந்தால் தம் காரியம் எளிதில் கைகூடும் என்று கணக்குப் பார்த்திருக்கலாம்.

எக்னஸ் டி சில்வா தயங்கவில்லை. நிச்சயமாக வேண்டும், அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்றே விடை பகர்ந்தார். தான் என்றுமே தலையில் கூடை சுமந்திராத ஒரு பெண், கூடை சுமந்தவளுக்காகச் சொன்ன சொல் அது. ஆதிரை இட்ட முதற் பிச்சையை இவ்விடத்தில் நான் நினைத்துக்கொள்கின்றேன்.

எதிர்ப்பும் வலுவாகவே இருந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய பெருந்தகை. பெண்கல்விக்கு அவர் செய்த பணியைச் சைவத் தமிழுலகம் மறக்காது. ஆயினும் பெண்களுக்கு வாக்கு அளிப்பதை அவர் கடுமையாக எதிர்த்தார். பெரியோரைப் போற்றுவதும் அவர்தம் கருத்தை ஆராய்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதனால் இதனைக் குறிப்பிடுகின்றேன். பெண்ணுக்குக் கல்வி கொடுப்போம், அதிகாரம் வேண்டாம் என்பதே அக்காலத்து அறிஞர் பலரின் நிலைப்பாடாக இருந்தது.

1928இல் வெளியான ஆணைக்குழு அறிக்கை, ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்களிக்கலாம் என்றது. பின்னர் இருபாலார்க்கும் 21 என ஆக்கப்பட்டது. 1929 டிசம்பரில் சட்டநிரூபண சபை 19க்கு 17 என்னும் இரண்டே வாக்குகளால் டொனமூர் திட்டத்தை ஏற்றது. 1931 ஜூனில் அரசாங்க சபைக்கான முதற் தேர்தல் நடந்தபோது, வாக்காளர் தொகை இரண்டு இலட்சம் அளவிலிருந்து பதினைந்து இலட்சத்துக்கு மேல் உயர்ந்திருந்தது. ஆசியாவில் ஆணும் பெண்ணும் சமமாக வாக்களித்த முன்னோடி நாடுகளுள் நமது நாடும் ஒன்று. தோட்டத் தொழிலாளருக்கு ஐந்தாண்டு வதிவு முதலான நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. எனினும் ஏறத்தாழ ஓர் இலட்சம் இந்தியத் தமிழர் அவ்வாண்டு வாக்காளராகப் பதிவு பெற்றனர். அவர்களிடையே பெண்களும் இருந்தனர்.

சட்டம் உரிமையைத் தரும். அவ்வுரிமை இன்னதென்று லயத்துப் பெண்ணிடம் போய்ச் சொல்வது யார்? இங்கேதான் இன்னொரு பெண்மணி நம் கண்முன் வருகின்றார். அவர் மீனாட்சியம்மை. தோட்டத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியும் 'தேசபக்தன்' ஆசிரியருமான கோ. நடேசய்யரின் மனைவி. கணவரின் பத்திரிகைப் பணியில் துணை நின்றதோடு பெண்கள் குறித்தும் எழுதினார். நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபின் கூட்டங்கள் பெருகின. வெளியார் தோட்டத்துக்குள் காலடி வைப்பதையே துரைமார் விரும்பாத காலம் அது. அக்காலத்தில் மீனாட்சியம்மை மேடையேறிப் பாடினார். மக்கள் அறிந்த மெட்டுகளிலே தொழிலாளர் படும் பாட்டையும் அவர்கள் கேட்க வேண்டிய நியாயத்தையும் பாட்டாக்கினார். 1940இல் அப்பாடல்கள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் நூலாயின.

எழுத்தறியாத பெண்ணுக்குத் துண்டுப்பிரசுரம் பயன்படாது. பாட்டோ காதால் புகுந்து மறுநாள் கொழுந்து மலையில் வாயால் வெளிவரும். தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் பாடிப் பழகிய பெண்களிடம் அரசியலைப் பாட்டாகவே கொண்டு சேர்த்தமை மீனாட்சியம்மையின் நுண்ணறிவைக் காட்டுகின்றது. எக்னஸ் டி சில்வா ஆணைக்குழுவின் முன் பேசினார். மீனாட்சியம்மை மக்களின் முன் பாடினார். மலையகப் பெண்ணின் வரலாற்றில் இவ்விருவரையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் நேயர்களே, இந்த வரலாறு இங்கே இனிதாக முடிந்துவிடவில்லை. சுதந்திரம் கிடைத்த அதே 1948ஆம் ஆண்டில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் திருத்தச் சட்டம் வந்தது. இடதுசாரிகளும் தமிழ்த் தலைவர்கள் சிலரும் எதிர்த்தும் பயனில்லை. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடும் வாக்கும் அற்றவராயினர். 1931இல் தாய் வாக்களித்திருப்பாள். 1952இல் அவள் மகளின் பெயர் இடாப்பில் இல்லை. உலகில் உரிமைகள் தாயிடமிருந்து மகளுக்கு வளர்ந்து வருவதே வழக்கம். இங்கே அது தலைகீழாயிற்று.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்ற 9,75,000 பேரை எண்ணிப் பிரித்தது. 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என ஒதுக்கி, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போம் என்றது. இதனால் அக்காளும் தங்கையும் பிரிந்தனர். அடுத்தடுத்த காம்பராவில் கைமாற்று வாங்கிய தோழியருள் ஒருத்தி தலைமன்னாருக்கு இரயிலேறினாள். மற்றவள் பிரட்டுக்களத்துக்குத் திரும்பினாள். உரிமை படிப்படியாகவே மீண்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டத்தில் ஒரு முடிவு காணப்பட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் என்பதுங்கூட 1984இலேயே கிடைத்தது. கண்டியைத் தளமாகக் கொண்டு செங்கொடிச் சங்கத்தின் பொதுச் செயலாளராகப் பணியாற்றிய மேனகா கந்தசாமி போன்றோர், ஆண்களே நிறைந்திருந்த தொழிற்சங்கத் தலைமையில் பெண்ணுக்கு இடம் கேட்டுப் போராடியது அதன் பின்வந்த கதை.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். மலையகத் தமிழ்ப் பெண்கள் நாடாளும் சபையில் அமர்ந்தது அதுவே முதற்தடவை. எந்தக் கட்சியினர் என்பது இங்கு நமக்கு முக்கியமன்று. 1931க்கும் 2024க்கும் இடையே 93 ஆண்டுகள் சென்றன என்பதே முக்கியம்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? ஒருத்தி இன்னொருத்திக்காகச் சொல்லும் ஒரு சொல் பெரிய கதவைத் திறக்கவல்லது. ஆனால் திறந்த கதவை யாரும் காவாதுவிட்டால் அது மூடிக்கொள்ளும். 1928இல் கேட்ட அந்தக் கேள்வி ஒருமுறை கேட்டு ஓய்ந்த கேள்வியன்று. கொழும்பில் வீட்டு வேலைக்குச் சென்றிருக்கும் தோட்டத்துச் சிறுமியைப் பற்றியும், மத்திய கிழக்கில் வேலை செய்யும் தாயைப் பற்றியும், இன்றும் லயத்தில் ஒற்றை அறையில் வாழும் பெண்ணைப் பற்றியும் அக்கேள்வி மீண்டும் மீண்டும் எழுகின்றது. படித்து உத்தியோகம் பெற்ற நமது பெண்களிடமே அது முதலில் கேட்கப்படுகின்றது.

என் வகுப்பிலே தோட்டத்துப் பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்களுள் பலருடைய தாய்மார் கொழுந்துக் கூடையைச் சுமந்தே அவர்களைப் பள்ளிக்கு அனுப்புகின்றனர். அப்பிள்ளைகளிடம் ஆதிரையைப் பற்றிச் சொல்லும்போது எக்னஸ் டி சில்வாவையும் மீனாட்சியம்மையையும் பற்றிச் சொல்லாமல் இருப்பது நியாயமாகாது. வீட்டுக்குச் சென்றதும் தத்தம் பாட்டியிடம், முதன்முதலில் எந்த ஆண்டு வாக்களித்தீர்கள் என்று கேட்டு எழுதிவருமாறு அவர்களுக்கு நான் சொல்வதுண்டு. நேயர்களும் தங்கள் வீட்டு மூதாட்டியரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நமது நாட்டின் வரலாற்றில் ஒரு பெரும் பகுதி அந்த ஒரு விடைக்குள் அடங்கியிருக்கும்.