தேயிலை மலையில் ஆடவர் நறுமணம்

நறுமணம் பூசுதல் மகளிர்க்கே உரியது என்னும் எண்ணம் தமிழர் வரலாற்றுக்குப் பொருந்தாது. சங்கச் செய்யுள்களில் மன்னனும் மறவனும் சந்தனம் புலர்ந்த மார்பினராகவே காட்சி தருகின்றனர். அம்மரபின் எச்சம் ஒன்றைப் பகாங்கு மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் காணலாம். தோட்டப்புற மக்களின் வரலாறு எழுதப்படும்போது கூலியும் நோயும் வேலைநிறுத்தமும் இடம் பெறுகின்றன. வேலை முடிந்தபின் அம்மனிதன் எதை விரும்பினான் என்பது பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றது.

வில்லியம் கேமரன் 1885இல் இம்மலைப் பகுதியை அளந்தார். ஜே. ஏ. ரசல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடழித்து, சரிவுகளில் கன்று நட்டு, கொழுந்து பறித்தோருள் பெரும்பாலோர் தமிழர். அவர்களுக்கு முன்பே இம்மாநிலத்தின் மணம் கடல் கடந்திருந்தது. வாங் தாயுவான் என்னும் சீனப் பயணி 1349இல் எழுதிய நூலில், பகாங்கின் விளைபொருள்களுள் அகிலும் கருப்பூரமும் இடம் பெறுகின்றன. அகில் தரும் மரத்தை மலாய்க்காரர் காராஸ் என்பர். அதன் நறும்பிசின் ஊறிய கட்டையே காஹாரு. எல்லாக் காராஸ் மரமும் மணப்பதில்லை. காயம்பட்டு, பூஞ்சை புகுந்த மரமே தன்னைக் காத்துக்கொள்ளப் பிசின் சுரக்கின்றது. அதைக் காட்டில் தேடி அறிந்து எடுத்தவர் செமாய் முதலிய பழங்குடியினர்.

தமிழர் இப்பொருள்களுக்குப் புதியவர் அல்லர். கீழைக்காற்றோடு கலங்களில் வந்த அகில், சந்தனம், கருப்பூரம் ஆகியவற்றைச் சிலப்பதிகாரம் குறிக்கின்றது. 1088ஆம் ஆண்டில் சுமத்ராவின் பாரூஸ் துறைக்கு அருகே ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழ்க் கல்வெட்டு ஒன்று பொறித்தனர். கலத்தில் வருவோர் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்த வேண்டும் என்பது அதன் செய்தி. கருப்பூரத்துக்குப் பேர்போன துறையில் கஸ்தூரி அளவுகோலாயிற்று! மலாக்கா வீரருள் ஒருவர் பெயர் ஹாங் கஸ்தூரி. மற்றொருவர் ஹாங் ஜெபாட். ஜெபாட் என்பதும் நம் ஜவ்வாது என்பதும் புனுகைக் குறிக்கும் ஒரே அரபுச் சொல்லின் வழிவந்தவை. வாளேந்திய ஆடவர்க்கு நறுமணப் பெயர் இட்ட மண் இது.

இத்தகைய மரபினர் வழிவந்தவன் தோட்டத்தில் பெயரேட்டின் ஒரு வரியானான். காலைப் பெயர்ப்பதிவு, கங்காணியின் குரல், ஈரக் கொழுந்தின் பச்சை வாடை, லயத்தின் விறகுப்புகை ஆகியவையே அவனுடைய ஆறு நாள்கள். தொழிற்சாலையில் வேலை செய்தவனுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. தேயிலை அயல்மணத்தை எளிதில் ஈர்த்துக்கொள்ளும். மல்லிகைத் தேயிலை அவ்வாறே ஆக்கப்படுகின்றது. ஆகவே வாட்டும், உருட்டும், உலர்த்தும் இடங்களில் வாசனை பூசுதல் ஆகாது. பண்டத்தின் மணம் காக்க மனிதன் மணமின்றி இருக்க வேண்டும் என்பது விந்தைதான். ஆயினும் தொழில்முறையில் அது நியாயமே.

ஓய்வுநாளிலும் திருவிழாவிலும் அக்கட்டு அவிழும். கோயிலில் பெற்ற சந்தனம் நெற்றிக்கும் மார்புக்கும். ஜவ்வாது காதோரத்துக்கும் சட்டைக் கழுத்துக்கும். பின்னாளில் இவற்றோடு கடைப்புட்டியும் சேர்ந்தது. 1938இல் அமெரிக்கச் சுல்டன் நிறுவனம் ஆடவர்க்கென வெளியிட்ட ஓல்ட் ஸ்பைஸ் அவ்வகையில் பெயர் பெற்றது. மழித்த கன்னத்தில் தடவியதும் சுள்ளென்று எரியும்; அடுத்து கிராம்பும் பட்டையும் எழும்; உச்சிவேளைக்குள் அவை அடங்கி இளஞ்சூடான மெல்லிய மணம் நிற்கும். தாழ்நில வெயிலில் விரைந்து பறக்கும் அது, மலைக்குளிரில் தோலை ஒட்டியே நெடுநேரம் தங்கும்.

அப்புட்டியின் தொடக்ககாலக் கப்பற் படங்களுள் ஒன்று கிராண்ட் டர்க். அது சேலம் துறைமுகத்துக் கப்பல். நம் சேலம் அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். அவ்வூர் வணிகர் 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் சுமத்ரா மிளகை ஏற்றிச் சென்று பெருஞ்செல்வர் ஆயினர். மேனாட்டுப் புதுமை எனத் தோட்டத்து இளைஞன் வாங்கியது, அவன் முன்னோர் வாணிகம் செய்த கரைகளின் நினைவையே.

இதை ஆடம்பரம் என இகழ்தல் பொருந்தாது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரை எதிர்ப்பட்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. மிதிவண்டியை விட்டு இறங்கச் சொல்லலாம். மார்பில் பூசிய சந்தனத்தை இறங்கச் சொல்ல இயலாது. காசு எண்ணிக் கூலி பெற்றவன் அக்காசில் சிறிதை மணத்துக்கென ஒதுக்கினான் என்றால், தன் உடல் முழுவதும் தோட்டத்துக்கு உரியதன்று என்று அவன் கருதியமையே காரணம் ஆகலாம்.

அகில் மரம் அருகியதால் 1995 முதல் அதன் பன்னாட்டு வணிகம் உடன்படிக்கைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் மலையிறங்கி நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். இன்று அச்சரிவுகளில் கொழுந்து எடுப்போருள் வங்காளதேசத்தவரும் பலர். அவர்கள் நாட்டுச் சில்ஹெட் பகுதியின் பார்லேகா வட்டாரத்தில் அகிற்கட்டையைக் காய்ச்சி அத்தர் வடிக்கும் தொழில் நடைபெறுகின்றது. அங்கும் பகாங்குக் காட்டிலும் உள்ளது ஒரே இன மரந்தான்.