காரைக்கால் அம்மையாரின் காடு

காரைக்கால் வணிகர் தனதத்தன் மகள் புனிதவதியின் வரலாற்றைச் சேக்கிழார் வழியாகவே நாம் அறிந்து பழகியுள்ளோம். மாங்கனி அற்புதம் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன், கடல்வணிகம் என்று புறப்பட்டுப் போய்ப் பாண்டிநாட்டில் வேறு மணம் செய்துகொள்கிறான். சுற்றத்தார் புனிதவதியை அவனிடம் அழைத்துச் செல்ல, புதிய மனைவியோடும் மகளோடும் அவர் அடிகளில் வீழ்கிறான். அதன் பின்னரே, அவனுக்காகத் தாங்கிய அழகுடம்பை உதறிப் பேயுருவை வேண்டிப் பெறுகிறார் புனிதவதி. கயிலை சென்று ஆலங்காட்டை அடைகிறார். இவ்வமைப்பில், கணவன் விடுவித்த பின்னரே பெண் வீட்டை விட முடிகிறது. அம்மையாரின் பாடல்களும் இதையே கூறுகின்றனவா என்பது நம் வினா.

மூத்த திருப்பதிகங்கள் இரண்டு, திருஇரட்டை மணிமாலை, அற்புதத் திருவந்தாதி எனப் பதினொராந் திருமுறையில் அமைந்துள்ள அவர் பாடல்கள் 143. இவற்றில் கணவன் இல்லை; மாங்கனி இல்லை; வீடும் இல்லை. பக்திப் பாடல்களில் வாழ்க்கைக் குறிப்புகள் அரிதே. ஆகவே இல்லாமையைக் கொண்டு இல்லறமே நிகழவில்லை என முடிவுகட்ட இயலாது. ஆயினும் அம்மையார் தம்மைப் பற்றிப் பேசாதவர் அல்லர். பிறந்து மொழி பயின்ற நாள்முதலே இறைவன் அடி சேர்ந்ததாக அந்தாதியின் முதற்பாட்டிலேயே சொல்கிறார். பதிகங்களின் இறுதியில் தம்மைக் காரைக்கால் பேய் என்று பெயரிட்டுக்கொள்கிறார். அவர் கூற்றின்படி, இடையில் ஒருவரால் விடுவிக்கப்பட வேண்டிய நிலை எதுவும் இல்லை.

இனி அவர் சென்று சேர்ந்த காடு. தமிழில் 'காடு' வனத்தையும் சுடுகாட்டையும் ஒருங்கே குறிக்கும் சொல். மூத்த திருப்பதிகங்களில் இரண்டும் ஒன்றாகின்றன. கள்ளியும் சூரையும் காரையும் மண்டிய நிலத்தில் ஈமத்தீ எரிகிறது. நள்ளிரவில் வாகையின் வெண்ணிற நெற்றுகள் ஒலிக்கின்றன, கூகை அலறுகிறது. இவ்வாகை நெற்றொலி தமிழ்க் கவிதைக்குப் புதிதன்று. குறுந்தொகை ஏழாம் பாட்டில், உடன்போக்கில் செல்லும் இளையோரைக் கண்டோர் இரங்குமிடத்தில் இதே நெற்று, கயிற்றின்மேல் ஆடுவோரின் பறைபோல் ஒலிக்கிறது. வீட்டை விட்டு வெளியேறும் பெண்ணுக்குச் சங்கப் பாடல் முன்பே ஒரு நிலத்தை வைத்திருந்தது. ஆனால் அங்கே கழலணிந்த காதலன் உடன் செல்வான்; சுரத்துக்கு அப்பால் அவன் ஊரும் மனையும் காத்திருக்கும். அம்மையார் அதே பாலையின் ஒலியைக் கேட்கிறார். ஆனால் அதைக் கடந்து போகவில்லை, அங்கேயே தங்கிவிடுகிறார். காஞ்சித்திணையின் காடுவாழ்த்துத் துறையை மட்டும் கொண்டு இப்பதிகங்களை விளக்குவோர் இந்த அகமரபை நோக்காது விடுகின்றனர் என்பது என் கருத்து.

சேக்கிழாருக்கு முந்திய சான்றுகளும் இவ்வழியிலேயே நிற்கின்றன. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் 'பேயார்' என்ற அளவில் நிறுத்துகிறார். நம்பியாண்டார் நம்பி, அம்மையார் தலையால் நடந்ததையும் இறைவன் அவரை அம்மை என்றதையும் பாடுகிறார், கணவனைப் பாடவில்லை. கம்போடியாவில் 967இல் எழுந்த பந்தேய் சிறீ கோயிலில், ஆடும் சிவனருகே உள்ள மெலிந்த பெண்ணுருவை அம்மையார் என்றே அறிஞர் கொள்வர். முதலாம் இராசேந்திரனின் கங்கைகொண்ட சோழபுரத்திலும் கூத்தன் திருவடிக்கீழ் எலும்புருவாக அவர் அமர்ந்திருக்கிறார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் இல்லறத்தையும் அடியார் நெறியையும் மோதவிடாமல் காட்ட விரும்பியவர். ஆதலின் புனிதவதியைக் குறையற்ற மனைவியாக்கி, விலகும் பொறுப்பைக் கணவன்மேல் வைத்தார். எனினும் அவர் கதையிலேயே ஒரு முரண் தங்கிவிட்டது. பரமதத்தனும் வீட்டை விட்டுப் போனவன்தான். அவன் போவதற்கு எவர் விடுவிப்பும் வேண்டியிருக்கவில்லை, ஒரு மரக்கலம் போதுமாயிருந்தது.

காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் மாங்கனித் திருவிழா இன்றும் மாப்பிள்ளை அழைப்போடும் திருக்கல்யாணத்தோடுமே தொடங்குகிறது. பிறந்த ஊர் அவரை மணமகளாகவே வைத்துக்கொண்டுள்ளது. அவர் பாடிய ஊரோ திருவாலங்காடு.