கிங் காங் படங்களில் மண்டையோட்டுத் தீவு மக்கள்

அமெரிக்காவின் ஆர்கேஓ நிறுவனத்துக்காக மெரியன் சி. கூப்பரும் எர்னஸ்ட் பி. ஷோட்சாக்கும் இயக்கி 1933இல் வெளிவந்த சாகசப் படம் 'கிங் காங்'. ஹாலிவுட்டின் இனவாதச் சித்திரிப்பைப் பற்றிப் பேசுவோர் அடிக்கடி சுட்டும் படங்களில் இதுவும் ஒன்று. மண்டையோட்டுத் தீவு என்ற கற்பனைத் தீவின் மக்களை அது காட்டிய விதமே அதற்குக் காரணம். 1976, 2005 மறுஆக்கங்களும் 2017இல் தொடங்கிய புதிய வரிசையும் அந்தச் சித்திரிப்பைப் பலவாறு மாற்றின. உடையும் ஒப்பனையும் மாறிய அளவுக்கு அம்மக்களின் குரலுக்கு இடம் கிடைக்கவில்லை.

கதைப்படி தீவு இருப்பது சுமாத்திராவுக்கு மேற்கே, இந்தியப் பெருங்கடலில். தீவுத் தலைவனின் பேச்சு நியாஸ் தீவினரின் மொழியை ஒத்திருப்பதாகக் கப்பல் தலைவர் சொல்கிறார். நியாஸ் உண்மையான தீவு. அங்குள்ளவர்கள் ஆஸ்திரோனேசிய மக்கள். பெருங்கற் சின்னங்களுக்கும் பிரம்மாண்டமான மரவீடுகளுக்கும் பெயர்பெற்றவர்கள். படத்திலோ பொய்முடியும் புல்லாடையும் அணிந்த கறுப்பின அமெரிக்கத் துணை நடிகர்கள் அந்த இடத்தில் ஆடுகிறார்கள். ஊரைக் காக்கும் மாபெரும் மதிலைக் கட்டியது முன்பு வாழ்ந்த உயர்ந்த நாகரிகம் என்றும், இப்போதிருப்பவர்கள் அதை மறந்து தாழ்ந்துவிட்டவர்கள் என்றும், தீவுக்குப் படமெடுக்க வரும் இயக்குநர் டென்ஹாம் என்ற பாத்திரம் விளக்குகிறது. ஆப்பிரிக்காவின் பெரும் ஜிம்பாப்வே இடிபாடுகளை உள்ளூர் மக்கள் கட்டியிருக்க முடியாது என்று குடியேற்றவாதிகள் சாதித்ததும் இதே வாதத்தால்தான்.

தலைவனாக நடித்த நோபிள் ஜான்சன், 1916இல் கறுப்பின மக்களுக்காகக் கறுப்பினத்தவரே நடத்திய லிங்கன் திரைப்பட நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். கறுப்பின வாழ்வைக் கண்ணியமாகக் காட்டவே அந்த நிறுவனம் பிறந்தது. 1932இல் வெளிவந்த 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' படத்தில் வெள்ளை ஒப்பனையுடன் ரஷ்யக் கோசாக்காகவும் நடித்தார். அப்படிப்பட்டவருக்கு ஹாலிவுட் தந்த, இன்று அதிகம் நினைவுகூரப்படும் வேடம், பொன்னிறப் பெண் ஒருத்திக்கு ஈடாகத் தன் ஊர்ப் பெண்கள் ஆறு பேரைத் தர முன்வரும் தலைவன். மஞ்சள் நிறக் கூந்தலே எல்லாரும் ஏங்கும் பொருள் என்ற எண்ணத்தை அந்தப் பேரம் எந்தத் தயக்கமுமின்றி முன்வைக்கிறது. தீவுக்கு வெளியேயும் இதே போக்குதான்: கப்பலின் சீனச் சமையல்காரர் சார்லியாக விக்டர் வாங் உடைந்த ஆங்கிலம் பேசுகிறார்.

தீவின் ராட்சதக் குரங்கான காங்கையே இனக் குறியீடாகப் படிப்பவர்களும் உண்டு. சங்கிலியிட்டுக் கப்பலில் கொண்டுவரப்பட்டு, கட்டணம் வாங்கிக் காட்டப்பட்டு, வெள்ளைப் பெண்ணைத் தொட்டதற்காகக் கொல்லப்படும் உருவத்தில் அடிமை வணிகத்தின் நிழலை ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்னீட் கண்டார். இதை மிகைப்படுத்தல் என்று தள்ளிவிட முடியாது. 1906இல் ஓட்டா பெங்கா என்ற காங்கோ மனிதரை நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக்காட்சிசாலை குரங்குக் கூடத்தில் வைத்துக் காட்டியிருந்தது. 1996இல் ஃபாத்திமா டோபிங் ரோனி எழுதிய 'தி தர்ட் ஐ' நூல், இப்படத்தை அக்கால இனவரைவியல் படங்களுடன் இணைத்துப் பார்க்கிறது. அந்த இணைப்பு வலுவானது. கூப்பரும் ஷோட்சாக்கும் சயாமில் 'சாங்' (1927) எடுத்தவர்கள். ஷோட்சாக் 'ராங்கோ'வை (1931) சுமாத்திராவிலேயே படமாக்கியவர்.

1938 மறுவெளியீட்டில் தணிக்கைக்காகச் சில காட்சிகள் வெட்டப்பட்டன. காங் ஆட்களை மிதிப்பதும் கடிப்பதும், நாயகியின் ஆடையை உரிப்பதும் போயின. தீவு மக்களின் சித்திரிப்பை அந்த வெட்டுகள் மாற்றவில்லை.

1976இல் ஜான் கில்லர்மின் இயக்கிய படம் தீவுக்கு எண்ணெய் நிறுவனத்தை அனுப்புகிறது. காங்கைப் பறிகொடுத்த தீவு சீரழிந்துபோகும் என்று நாயகன் வருந்துகிறான். பரிவு மெய்யானது, ஆனாலும் தீவின் துயரத்தைச் சொல்லும் வாய் அமெரிக்கனுடையது.

பீட்டர் ஜாக்சனின் 2005 படம் இரண்டு திசைகளில் இழுக்கப்படுகிறது. நியூயார்க் மேடையில் காங்கைக் காட்டும்போது, 1933 படத்தின் உடையும் இசையும் கொண்ட நடனத்தை அந்த மேடைக்காரர்களின் கற்பனையாகவே ஜாக்சன் காட்டுகிறார். பழைய சித்திரிப்பைப் பற்றித் திரையில் சொல்லப்பட்ட மிகக் கூர்மையான விமர்சனம் இதுதான். ஆனால் அவருடைய சொந்தத் தீவிலோ பேரம்கூட இல்லை. சாயம் பூசிக் கருமையாக்கப்பட்ட நடிகர்கள் முணுமுணுக்கிறார்கள், அலறுகிறார்கள், கண்டவுடன் கொல்கிறார்கள். நாயகியைக் காங்குக்குப் பலியாகக் கொடுத்து முடிந்ததும் கதையிலிருந்தே மறைந்துவிடுகிறார்கள். 1933இன் தலைவனோடு மொழிபெயர்ப்பாளர் வழியாகவாவது பேச முடிந்தது. அந்த வகையில் 72 ஆண்டுகளுக்குப் பின் வந்த படம் பின்னோக்கிச் சென்றது. ஈவன் பார்க் நடித்த கறுப்பினக் கப்பல் அதிகாரி ஹேய்ஸ் அறிவும் பொறுப்பும் உள்ள பாத்திரம். அவரையும் கதை பாதியில் கொன்றுவிடுகிறது.

'காங்: ஸ்கல் ஐலண்ட்' (2017) இந்தத் தீவினருக்கு ஈவி என்று பெயரிட்டது. பலியும் வெறியாட்டமும் இல்லை. அமைதியான, ஒழுங்கான சமூகம். ஆனால் அவர்கள் பேசுவதே இல்லை. 1944 முதல் தீவில் சிக்கியிருக்கும் அமெரிக்க விமானி மார்லோ அவர்களைப் பற்றி எல்லாவற்றையும் விளக்குகிறார். 2021இல் வந்த 'காட்ஜில்லா வெர்சஸ் காங்' ஜியா என்ற ஈவிச் சிறுமியை முக்கியப் பாத்திரமாக்கியது. காது கேளாத நடிகை கெய்லி ஹாட்டில் நடித்த ஜியா, சைகைமொழியில் காங்குடன் உரையாடுகிறாள். வரிசையிலேயே உயிர்ப்புள்ள தீவுப் பாத்திரம் அவள்தான். அவளுடைய மக்கள் அழிந்துபோனது திரைக்கு வெளியே நடந்து முடிந்துவிடுகிறது. இதே வரிசையின் 2024 படத்தில் பூமியின் உட்பகுதியில் ஈவிகளின் இன்னொரு கூட்டமும் ஓர் அரசியும் வருகிறார்கள். அவர்கள் மனத்தால் மட்டுமே உரையாடுகிறார்கள். அதன் பொருளைப் பார்வையாளருக்குச் சொல்வது அமெரிக்க ஆய்வாளர் ஐலீன் ஆண்ட்ரூஸ்.